எட்டரை மணி மழை

என் மனைவி புஷ்பாவும் அவள் தங்கையும் தி. நகரில் கல்யாணப் புடவை எடுக்க இறங்கிய இரண்டாம் நாளே நான் எதற்கும் உதவாதவன் என்பது தெளிவாகிவிட்டது. எந்தப் புடவையைக் காட்டினாலும் "நல்லா இருக்கு" என்றேன். விரித்துப் போட்ட நாற்பது புடவைக்கும் ஒரே பதில் சொல்பவனை வைத்துக்கொண்டு அவர்கள் என்னதான் செய்வார்கள்? "நீங்க போய் உங்க மழைக்காரரைப் பாத்துட்டு வாங்க. மூணு நாள் தரேன்" என்றாள் புஷ்பா. அவள் மனம் மாறுவதற்குள் பெட்டியைக் கட்டிவிட்டேன்.

மழைக்காரர் யார் என்று சொல்வதற்கு முன் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பெயர் குமரேசன். மலேசியாவில் தைப்பிங் என்ற ஊரில் லாரி உதிரிப்பாகங்கள் விற்கிறேன். எங்கள் ஊரில் மழை இல்லாத சாயங்காலம் அபூர்வம். இன்றைக்கு எத்தனை மணிக்குப் பெய்யும் என்று பந்தயம் கட்டுகிற ஊர் அது. அந்த ஊரில் பிறந்துவிட்டு மழையை அளக்காமல் இருப்பது எனக்கு மரியாதைக் குறைவாகப் பட்டது. பத்தொன்பது வருஷமாக வீட்டுக் கொல்லையில் மழைமானி வைத்திருக்கிறேன். தினமும் காலை எட்டு மணிக்குப் புனலைத் தூக்கிவிட்டு, கீழே சேர்ந்திருக்கும் தண்ணீரைக் கோடு போட்ட அளவுக் குடுவையில் ஊற்றி, எத்தனை மில்லிமீட்டர் என்று உரக்கச் சொல்வேன். குடுவை இருபது மில்லிமீட்டர்தான் கொள்ளும். பெருமழை என்றால் நிரப்பி நிரப்பிக் கொட்டவேண்டும். ஒவ்வொரு தடவையும் கத்துவேன். சமையலறையில் புஷ்பா நாட்காட்டியில் குறித்துக்கொள்வாள். கடைசியில் "எழுதிட்டியா, புஷ்பா?" என்பேன். "எழுதியாச்சு" என்று பதில் வரும். அந்த நொடியில் எண் என் தலையைவிட்டுப் போய்விடும். அளப்பது என் இலாகா. நினைவில் வைப்பது அவள் இலாகா.

இந்தப் பைத்தியம் எனக்கு மட்டும்தான் என்று வெகுநாள் நம்பியிருந்தேன். பிறகு கைபேசியில் ஒரு குழு கிடைத்தது. தமிழ் பேசும் மழை அளப்பவர்கள், பல ஊர்க்காரர்கள். அதில்தான் திருக்கழுக்குன்றம் வேதகிரி பழக்கமானார். நாலு வருஷ நட்பு. ஒருமுறைகூடக் குரல் கேட்டதில்லை, எழுத்துதான். தினமும் அவருடைய அறிக்கை வரும். "நேற்று காலை எட்டரை மணி முதல் இன்று காலை எட்டரை மணி வரையிலான காலத்தில் திருக்கழுக்குன்றம் நிலையத்தில் மழை ஏதும் பதிவாகவில்லை. வானம் பகுதி மேகமூட்டத்துடன் காணப்படுகிறது. அன்புடன், வேதகிரி." நிலையம் என்பது அவர் வீட்டு மொட்டைமாடி.

ஒருமுறை குழுவில் ஒருவர் திருப்பதி போயிருந்த நாளுக்கு, பக்கத்து ஊர் அளவைப் பார்த்து உத்தேசமாக ஓர் எண்ணைப் போட்டுவிட்டார். வேதகிரி கண்டுபிடித்துவிட்டார். "கண்டு எழுதினால் மழை. காணாமல் எழுதினால் கதை" என்று ஒரு வரி எழுதினார். குழுவே அடங்கிப்போனது. ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கண்ணாடி, வெள்ளை வேட்டி, கையில் குடை என்று அவரை மனதில் வரைந்து வைத்திருந்தேன்.

செங்கல்பட்டு ரயில் நிலையத்தில் இறங்கியதும் சாம்பல் நிறச் சீருடைச் சட்டை போட்ட ஒருவர், நாற்பது வயதிருக்கும், நேராக என்னிடம் வந்தார்.

"இன்னா அண்ணாத்த, தைப்பிங் தானே? ஒரு வண்டிய வுட்டுட்டு அடுத்த வண்டில வந்தியா? முக்கா மணி நேரமா நின்னுகினு கீறேன்."

"வேதகிரி ஐயாவா?" என்றேன்.

"ஐயாவெல்லாம் குரூப்ல வெச்சிக்கலாம். வா, நாஸ்தா துன்னியா?"

எங்கள் ஊரில் இதையே "பசியாறியாச்சா?" என்று கேட்போம். பசியாறவில்லை என்றேன். நிலையத்துக்கு வெளியே இட்லியும் வடைகறியும் வாங்கிக் கொடுத்தார். வேதகிரி ஒரு கம்பெனியின் பணியாளர் பேருந்து ஓட்டுநர். சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு தொழிற்சாலைக்கும் திரும்பவும் ஓட்டுகிறார். காலை எட்டரை மணிக்கு வீட்டில் இருக்கவேண்டும் என்பதற்காகவே மதிய ஷிப்ட் மட்டும் கேட்டு வாங்கியிருக்கிறார்; அன்று எனக்காக லீவு. அந்த அறிக்கைத் தமிழ் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "ரேடியோல கேட்டது தான். மழைய பத்தி எழுதறப்ப கொஞ்சம் மரியாதையா எழுத வாணாவா?" என்றார்.

என்னை அழைத்துப்போக மோட்டார் சைக்கிளில் வந்திருந்தார். என் பெட்டியைப் பார்த்ததும்தான் அதில் உள்ள சிக்கல் அவருக்குப் புரிந்தது. மலேசியாவிலிருந்து வருகிறவனின் பெட்டி எப்படி இருக்கும்? இரண்டு பேர் ஒளிந்துகொள்ளலாம். தலையைச் சொறிந்தார். பிறகு பேருந்து நிலையத்துக்குத் தள்ளிக்கொண்டு போய், கல்பாக்கம் போகிற ஒரு பேருந்தில் தெரிந்த நடத்துநரிடம் பெட்டியை ஒப்படைத்தார். "கழுக்குன்றத்துல நான் நின்னுகினு இருப்பேன், இறக்கிக் குடு மச்சான்." பெட்டி பேருந்தில், நாங்கள் பின்னால் வண்டியில். நல்ல ஏற்பாடுதான். மூன்றாவது கிலோமீட்டரில் டயர் பஞ்சர் ஆகும்வரை.

பஞ்சர் ஒட்டி முடித்துத் திருக்கழுக்குன்றம் போய்ச் சேர்ந்தபோது பேருந்து எப்போதோ போயிருந்தது. வாங்கிக்கொள்ள ஆள் இல்லாததால் நடத்துநர் பெட்டியைச் சதுரங்கப்பட்டினம் வரை கொண்டுபோய் ஒரு டீக்கடையில் விட்டிருப்பதாகப் போனில் சொன்னார். துணிமணி போனால் போகட்டும். பெட்டிக்குள் ஒரு கண்ணாடிச் சாமான் இருந்தது. அதை அவரிடம் சொல்லவும் முடியவில்லை. சொன்னால் விஷயம் உடைந்துவிடும், சொல்லாவிட்டால் சாமான் உடைந்துவிடும் என்று வழி முழுக்க அவர் முதுகுக்குப் பின்னால் முருகனை வேண்டிக்கொண்டே போனேன்.

சதுரங்கப்பட்டினத்துக் கடைக்காரர் பெட்டிக்கு ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார். "வெளிநாட்டுப் பொட்டி, அத்தாங் கீழ வெக்கல" என்றார். அங்கேயே திறந்தேன். இரண்டு கைலிகளையும் ஒரு பிஸ்கட் டின்னையும் விலக்கி, துண்டில் சுற்றியிருந்ததைப் பிரித்தேன். முழுசாக இருந்தது. கண்ணாடி அளவுக் குடுவை. வேதகிரி பயன்படுத்துவது மங்கிப்போன பிளாஸ்டிக் குடுவை, கோடுகள் அழிந்து பேனாவால் திரும்ப வரைந்தது என்று படத்தில் பார்த்திருந்தேன். ஆறு மாதத்துக்கு முன் ஏதோ சந்தேகம் கேட்பதுபோல அவருடைய புனலின் அகலத்தைக் கேட்டு வாங்கினேன். என்னுடையதும் அவருடையதும் ஒரே அளவு. என் குடுவை செய்தவரிடமே அதைப்போல இன்னொன்று செய்யச் சொன்னேன்.

அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோடுகளை விரல் நகத்தால் தடவினார். "இத்தத் தூக்கிகினு கடல் தாண்டி வந்தியா, அண்ணாத்த?" என்றார். கொண்டுவந்ததற்கு எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

பெட்டி கிடைத்த மகிழ்ச்சியில் கடற்கரைப் பக்கம் ஒரு அம்மா பொரித்துக்கொண்டிருந்த நெத்திலியை இரண்டு தட்டு சாப்பிட்டோம். எங்கள் ஊரில் மீனை வாழையிலையில் வைத்துச் சுட்டு, சம்பால் என்கிற மிளகாய்த் துவையல் தொட்டுச் சாப்பிடுவோம். இங்கே மிளகாய்த்தூளும் எலுமிச்சையும் மட்டும், ஆனால் கண்ணில் தண்ணீர் வந்த பிறகும் கை நிற்கவில்லை. அங்கே இருக்கும் பழைய டச்சுக் கோட்டையின் காவலர் கதவைச் சாத்தப்போன நேரத்தில் ஐந்து நிமிஷம் கொடுத்தார். எங்கள் பாங்கோர் தீவிலும் டச்சுக்காரர்கள் இடிந்த செங்கல் சுவரை விட்டுப் போயிருக்கிறார்கள். அங்கே குரங்கு, இங்கே ஆடு. மற்றபடி வித்தியாசம் பெரிதாக இல்லை.

இந்தத் தடவை பெட்டியோடு நானும் பேருந்தில் ஏறிக்கொண்டேன். வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக மாடியேறி மழைமானியைப் பார்த்தேன். நாலு வருஷம் எண்களாக மட்டுமே தெரிந்த பொருள். மாடிக்கு நேர் எதிரே வேதகிரீஸ்வரர் மலை. "பிரசாதம் தின்னக் கழுகு இன்னும் வருதா?" என்றேன். "கழுகு வரதில்ல. கொரங்கு வருது. புனல்ல கல்லப் போட்டுட்டுப் போவுது" என்றார். அதற்காகப் புனலைச் சுற்றி முள்கம்பி கட்டியிருந்தார். கீழே தெருவில் போன நாலைந்து பிள்ளைகள் அவரைப் பார்த்ததும் "மாமா, நாளைக்கு லீவா?" என்று கத்தினார்கள். மழைக்காலம் முழுக்கத் தெருப் பிள்ளைகளுக்கு அவர்தான் கல்வித்துறை.

வேதகிரியின் மனைவி செல்வி குழம்பு ஊற்றியபடி அவர் குட்டுகளை வெளியிட்டார். "ஏழு வருஷமா ஒரு நாளு வுட்டதில்ல, அண்ணே. பொண்ணு பொறக்கறப்ப எனக்கு வலி வந்து துடிச்சிகினு கீறேன். இவரு 'தோ, எட்டரைக்கு இன்னும் நாலு நிமிசம் கீது'ன்னு மாடிக்குப் போறாரு." வேதகிரி தட்டைப் பார்த்துக்கொண்டு, "அன்னிக்கி பன்னெண்டு புள்ளி ரெண்டு" என்றார். ஏழு வருஷம் ஒரு நாள் விடாத ஏடு எங்கள் குழுவிலேயே அவரிடம் மட்டும்தான் இருக்கிறது. நானே நடுவில் டெங்கு வந்து பதினோரு நாள் விட்டவன்.

அவருக்கு ஒரு மனக்குறை இருந்தது. ஒரே நாளில் நூறு மில்லிமீட்டர் பெய்தால் குழுவில் அதைச் சதம் என்போம். அந்தப் பருவத்தில் மாமல்லபுரத்துக்காரருக்குச் சதம் வந்துவிட்டது, செங்கல்பட்டுக்காரருக்கும் வந்துவிட்டது. நடுவில் உள்ள இவருக்கு மட்டும் வரவில்லை. "சுத்தி சுத்திப் பெய்யுது, என் வூட்டுக்கு வரப்ப வளைஞ்சிகினு போவுது" என்றார். புதுக் குடுவையைச் சாமி படத்துப் பக்கத்தில் வைத்தார். "மழை வந்தா ரெண்டு பேரும் ஒண்ணா அளக்கலாம், எட்டரைக்கு. இத்தத்தாண்டா நாலு வருசமா நெனச்சிகினு இருந்தேன்." உணர்ச்சியில் என்னை "டா" போட்டதை அவர் கவனிக்கவில்லை. நானும் சுட்டிக்காட்டவில்லை.

என் கைக்கடிகாரத்தையும் கேலி செய்தார். அதை நான் மலேசிய நேரத்திலேயே வைத்திருந்தேன், ஊருக்குப் பேச வசதியாக. எங்கள் எட்டு மணி இங்கே ஐந்தரை. மறுநாள் ஐந்தரைக்கு அது கீச்சிட்டது. மழைச் சத்தம் இல்லாததால் அதன் தலையில் தட்டிவிட்டுத் திரும்பிப் படுத்தேன். எட்டரைக்கு இருவரும் பயபக்தியோடு மாடியேறினோம். புனல் காய்ந்திருந்தது. நாங்கள் சேர்ந்து அளந்த முதல் மழை பூஜ்யம். அதையும் அவர் அறிக்கையாக எழுதினார்.

மதியம் அவர் வேலைக்குப் போக, நான் மாமல்லபுரத்துக்குப் பேருந்தேறினேன். என் அரைக்கால் சட்டையைப் பார்த்த கல்பொம்மை வியாபாரி முதலில் இந்தியில் கூப்பிட்டார், பிறகு ஆங்கிலத்தில். "எவ்வளவுங்க?" என்று தமிழில் கேட்டதும் முகம் விழுந்தது. "தமிழா? அப்ப நீங்க வாங்க மாட்டீங்க" என்றார். ரோஷத்தில் ஒரு கல் ஆமை வாங்கினேன். இன்றுவரை அதன் பயன் தெரியவில்லை.

சரிவில் உருளாமல் நிற்கும் வெண்ணெய் உருண்டைப் பாறையின் கீழே ஒரு தெலுங்குக் குடும்பம் படம் எடுத்துக்கொண்டிருந்தது. தைப்பிங்கில் என் பக்கத்து வீடு தெலுங்கு என்பதால் எனக்கு அரைகுறையாகப் புரியும். "ஆயிரம் வருஷமா விழாதது இன்னிக்கா விழப்போவுது? தைரியமா நில்லுங்க" என்றாள் மனைவி. "அப்படின்னா நீ இங்க வந்து நில்லு, நான் படம் எடுக்கிறேன்" என்றார் கணவர். கல்யாணம் என்பது எல்லா மொழியிலும் ஒன்றுதான்.

கடல் கறுத்திருந்தது. மீனவர்கள் படகுகளை வழக்கத்தைவிட மேலே இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். காற்றை முகர்ந்து மழையைச் சொல்லும் பழைய அனுபவசாலி ஒருவர் கிடைத்தால் குழுவில் எழுதலாமே என்று, நரைத்த மீசைக்காரர் ஒருவரிடம் போனேன்.

"ராவுக்கு ஊத்தும்" என்றார்.

"எப்படிச் சொல்றீங்க? காத்த வெச்சா?"

"போன்ல வந்துகீது, சார்." மடியிலிருந்து கைபேசியை எடுத்துக் காட்டினார். யாரோ யாருக்கோ அனுப்பி, பத்துக் கை மாறி வந்த செய்தி. "கடலோரப் பகுதிகளில் இன்றிரவு கனமழைக்கு வாய்ப்புள்ளது. மீனவச் சகோதரர்கள் படகுகளைப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்திக்கொள்வது நலம். அன்புடன், வேதகிரி."

"இவரைத் தெரியுமா?" என்றேன்.

"தெரியாது. ஆனா இந்த ஆளு சும்மா கப்சா வுட மாட்டாரு. பேஞ்சா பேஞ்சதும்பாரு, பேயலன்னா பேயலம்பாரு."

இரவு ஏழு மணிக்கு அங்கே ஊற்றத் தொடங்கியது. திரும்பும் பேருந்தின் கூரை ஒழுகியதால் பயணிகள் உள்ளேயே குடை பிடித்தோம். தெப்பலாக நனைந்து வீடு சேர்ந்து, செல்வி கொடுத்த சுடுசோற்றைச் சாப்பிட்டுப் படுத்தேன். மழை எங்கள் ஊர் மழை மாதிரியே அடித்தது. எனக்குச் சொந்த வீட்டில் படுத்திருப்பது போலவே இருந்தது. அங்கேதான் வினை.

கடிகாரம் கீச்சிட்டது. எட்டு மணி. கூரையில் தூறல் சத்தம். பத்தொன்பது வருஷமாக இந்த இரண்டும் சேர்ந்து கேட்டால் என் கால்கள் தாமாக நடக்கும். நடந்தன. சாமி படத்துப் பக்கத்தில் இருந்த குடுவையைக் கை எடுத்தது. அச்சு அசல் என் குடுவை. விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் மாடியில் நின்று, புனலைத் தூக்கி, நிரப்பி, குனிந்து கோடு பார்த்து, "இருபது" என்று கத்தினேன். கொட்டினேன். "இருபது." கொட்டினேன். கடைசித் துளி வரை முறையாக அளந்து, உரக்கச் சொல்லி, கொட்டிக் கவிழ்த்து, புனலை மாட்டினேன். "எழுதிட்டியா, புஷ்பா?" என்றேன். பதில் வரவில்லை. எதிரே மலைக்கோயில் கோபுரம் தெரிந்தது. எங்கள் கொல்லையில் கோபுரம் கிடையாது.

எண்ணை நினைவுபடுத்திப் பார்த்தேன். இருபது ஐந்து தடவையா, ஆறா? கடைசியில் ஏதோ புள்ளி நாலு. பதினொன்றா, பதிமூன்றா? ஒன்றும் நிற்கவில்லை. புஷ்பாவின் இலாகா தி. நகரில் தூங்கிக்கொண்டிருந்தது.

வேதகிரி எழுந்து வரும்வரை படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். வந்தவர் முகமெல்லாம் சிரிப்பு. "அண்ணாத்த, சதம் தான். கண்டிப்பா சதம். தெருவுல முட்டிக்கால் தண்ணி" என்றார். நான் சொன்னேன். அவர் சிரிப்பு கொஞ்ச நேரம் அப்படியே நின்றிருந்தது, விழா முடிந்தும் இறக்க மறந்த கொடி போல.

கோபித்துக்கொண்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவர், "பரவாயில்லைங்க ஐயா. பழக்கம். நீங்க உள்ள போய் உக்காருங்க" என்றார். இரண்டு நாளாக அண்ணாத்தயாக இருந்தவன் மறுபடி ஐயாவாகிவிட்டேன்.

எட்டரைக்கு அவர் தனியாக ஏறினார். ஐந்தரைக்குப் பிறகு பெய்தது ஆறு புள்ளி இரண்டு. ஏட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தெருவே மிதக்கிற நாளில் ஆறு புள்ளி இரண்டு என்று எழுதினால் பொய். நூறுக்கு மேல் என்று எழுதினால் கதை. எழுதாமல் விட்டால் ஏழு வருஷத்தில் முதல் வெற்றுக் கட்டம். குழுவில் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். "திருக்கழுக்குன்றம் எவ்வளவு? தைப்பிங் ஐயாவும் அங்கேதானே?"

"அஞ்சோ ஆறோ இருபது. உத்தேசமா..." என்று தொடங்கினேன்.

"உத்தேசம் வாணாங்க" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். பேனாவை எடுத்துக் கட்டத்தின் மேல் வைத்தார், கோடு கிழிக்க. 'காணாமல் எழுதினால் கதை' என்று அவர் எழுதியபோது குழுவில் முதலில் கைதட்டியவன் நான்தான். செத்துவிடலாம் போலிருந்தது.

"இரு. அண்ணன் இன்னும் ஒண்ணியும் துன்னல. அப்பால கிழிக்கலாம்" என்று செல்வி அவர் பேனாவைப் பிடுங்கி, என்னைக் கீழே துரத்தினார். பக்கத்து வீட்டு வாசலில் தகரக் கூரைக்குக் கீழே கன்னியம்மா இட்லிக் கடை போட்டிருக்கிறார். ஐந்து மணிக்கே அடுப்பு மூட்டிவிடுவார். இட்லியைவிட அவருடைய வாய்ஸ் மெசேஜ்தான் தெருவில் பிரசித்தம் என்று செல்வி முதல் நாளே சொல்லியிருந்தார். ஓசூரில் வேலை செய்யும் மகளுக்குத் தினமும் ஒன்று, ஐந்து நிமிஷத்துக்குக் குறையாது.

தட்டை நீட்டியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏண்ணே, காலைல மாடில நின்னுகினு இன்னாத்த ஏலம் வுட்டுகினு இருந்தீங்க? இருபது இருபதுன்னு?"

"எத்தனை இருபது? எண்ணினீங்களா?"

"அத்த யாரு எண்ணுவா? நான் பொண்ணுக்குப் பேசிகினு இருந்தேன். அவளும் இத்தத்தான் கேக்கறா. 'பின்னாடி யாரும்மா கத்துறது'ன்னு."

தட்டை அங்கேயே வைத்துவிட்டேன். கன்னியம்மாவைக் கைபேசியோடு மேலே அழைத்துப்போன வேகத்தில் அவர் கரண்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை.

நாலு பேரும் தலையைச் சேர்த்து வைத்துக் கேட்டோம். மழை என்ன போடு போடுது, கூரை ஒழுகுது, உன் தம்பி போன் பண்ணலை, நீ சாப்பிட்டியா. இதற்கெல்லாம் பின்னால், உயரத்திலிருந்து என் குரல். "இருபது." உளுந்து ஊறப்போட்ட கதை. "இருபது." வேதகிரி விரல் மடக்கினார். ஐந்தாவது இருபதோடு ஒரு கை முடிந்தது. கன்னியம்மா பதிவில் இருமினார். பிறகு தெளிவாக வந்தது: "பதினொண்ணு புள்ளி நாலு." அதற்குப் பின்னால் இன்னொன்று. "எழுதிட்டியா, புஷ்பா?" கொஞ்சம் பொறுத்து மறுபடியும், இந்தத் தடவை பயந்த குரலில், "புஷ்பா?"

செல்வி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். வேதகிரி சிரிக்கவில்லை. இன்னும் இரண்டு தடவை கேட்டார். "நான் பாக்கலியே" என்றார்.

"நீ பாக்கல. அண்ணன் பாத்தாரு" என்றார் செல்வி. "பாத்து வாயால சொன்னாரு. நாலு வருசமா அவரு அந்தாண்ட ஊர்ல அளந்து போடறத நீ நம்புற தானே? அத்த எந்தக் கண்ணால பாத்த?"

வேதகிரி ஏட்டை மறுபடி விரித்தார். பிறகு பேனாவைக் கேட்டு வாங்கினார். நூற்றுப் பதினொன்று புள்ளி நாலும் ஆறு புள்ளி இரண்டும் கூட்டி, நூற்றுப் பதினேழு புள்ளி ஆறு என்று எழுதினார். பக்கத்தில் குறிப்பு: "முற்பகுதி அளந்தவர் குமரேசன், தைப்பிங். பிற்பகுதி வேதகிரி. சாட்சி கன்னியம்மா." குழுவுக்கும் அப்படியே அனுப்பினார். முதலில் வந்த பதில் செங்கல்பட்டுக்காரருடையது: "ஒரே சதத்தை இரண்டு பேர் சேர்ந்து அடித்ததற்கு வாழ்த்து."

"ஒண்ணா அளக்கலாம்னு தானே நெனச்சோம், அண்ணாத்த" என்றார் வேதகிரி. "அளந்துட்டோம். நீ பாதி, நான் பாதி." அண்ணாத்த என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. கன்னியம்மா, "இட்லி ஆறிப்போவுது" என்று கரண்டியோடு இறங்கிப் போனார்.

அன்று சாயங்காலம் தி. நகர் விடுதி அறை முழுக்கப் புடவைப் பைகள். புஷ்பா எனக்காக ஒவ்வொன்றாக விரித்தாள். "நல்லா இருக்கு" என்றேன், எல்லாவற்றுக்கும். பிறகு கன்னியம்மாவிடமிருந்து வாங்கி வந்த பதிவை ஒலிக்கவிட்டேன். எதற்கு என்று சொல்லவில்லை. மடித்துக்கொண்டே கேட்டாள். உளுந்து, கூரை, இருபது. கடைசியில் என் குரல், "எழுதிட்டியா, புஷ்பா?" என்றது.

புடவையிலிருந்து தலையைத் தூக்காமல், கைபேசியைப் பார்த்து அவள் சொன்னாள்: "எழுதியாச்சு."